எதைப் பார்க்கலாம், எதை விடலாம்: ஒரு பழைய ஆபரேட்டரின் கணக்கு

கூத்தாநல்லூரில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். இந்த ஒன்றிரண்டு வருஷமாகப் படமே பார்க்கவில்லை, லீவில் ஊருக்கு வரும்போது எதைப் பார்க்கலாம், எதை விடலாம்? 'மெய்யழகன்' படத்தில் வருவது நிஜமாகவே நம்ம ஊர்தானா? அப்புறம், எல்லாப் படத்தையும் ஏன் மூன்று மணி நேரம் இழுக்கிறார்கள்?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் சொன்னால் மற்ற இரண்டும் பாதி முடிந்த மாதிரி.

நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். ஃபிலிம் ஓடிய காலம். ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிஷம் ஓடும். முடியப் போகும்போது திரையில் வலப்பக்க மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னும். அதைப் பார்த்து அடுத்த மிஷினின் மோட்டாரைப் போட வேண்டும். இரண்டாவது பொட்டு வந்ததும் அதற்கு மாற்ற வேண்டும். அந்தப் பொட்டுக்காகக் காத்திருந்து ஓட்டை வழியாகப் பார்த்துப் பார்த்து, படத்தைவிடக் கூட்டத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். யார் எப்போது எழுந்து போகிறார்கள், எந்த இடத்தில் பீடி பற்ற வைக்கிறார்கள், எந்தப் பாட்டுக்குக் கேண்டீன் நிறைகிறது என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. கியூப் என்ற டிஜிட்டல் முறை வந்து, படம் ஹார்ட் டிஸ்கில் வந்து இறங்க ஆரம்பித்ததும் எங்கள் வேலை பட்டனைத் தட்டுவதோடு நின்றுவிட்டது. இப்போது மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். படம் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

நீளத்துக்காக யாரும் எழுந்து போய் நான் பார்த்ததில்லை. 'தில்லானா மோகனாம்பாள்' மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதை மறு வெளியீட்டில் போட்டபோதும் நாதஸ்வரப் போட்டிக் காட்சிக்கு முன்னால் வெளியே போனவர்கள் ஓடி வந்து உட்கார்வார்கள். மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்குப் பாகவத மேளா நாட்டிய நாடகம் விடிய விடிய நடக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு உட்காரத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த அரை மணி நேரம் இப்படித்தான் போகும் என்று தெரிந்துவிட்டால்தான் ஆள் எழுந்திருக்கிறான். படம் தன்னை நம்பவில்லை, அதனால் சத்தத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்தாலும் எழுந்திருக்கிறான்.

அந்தக் காலத்தில் கத்தரி எங்கள் கையில் இருந்தது. ராத்திரி ஆட்டம் முடிந்து ஜனம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டாவது பாதியில் ஒரு பாட்டைத் தூக்கச் சொல்வார்கள். தூக்குவோம். ஒருவரும் கேட்டதில்லை, பாட்டு ஹிட்டாக இருந்தால் தவிர. இப்போது அந்த வேலையை ரிலீஸுக்குப் பிறகு கம்பெனிக்காரர்களே செய்கிறார்கள். 2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2' படத்தில் 12 நிமிஷம் வெட்டினார்கள். வெட்டிய பிறகும் அது அதே படம்தான். ஊழல் செய்த ஒருவர், சேனாபதி வருகிறார், வர்மம், தண்டனை, அடுத்து இன்னொருவர். முதல் சுற்றிலேயே மீதிச் சுற்றுகள் தெரிந்துபோகின்றன. 1996-இல் வந்த முதல் படத்தில் அந்தக் கிழவருக்கு ஒரு வீடு, ஒரு மனைவி, நெருப்பில் பறிகொடுத்த ஒரு மகள், லஞ்சம் வாங்கும் ஒரு மகன் இருந்தார்கள். இதில் கத்தி மட்டும்தான் இருக்கிறது. விட்டுவிடலாம்.

'மெய்யழகன்' 2024 செப்டம்பர் கடைசியில் வந்தது. அதிலும் முதல் வாரத்துக்குள் 18 நிமிஷம் போலக் குறைத்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூரில் பூர்வீக வீட்டைச் சொந்தக்காரர்களோடு வந்த சொத்துத் தகராறில் இழந்து, 1996-இல் ஒரு குடும்பம் சென்னைக்குப் போகிறது. அந்த வீட்டுப் பையன் அருள்மொழி, இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அரவிந்த்சாமி. மண்டபத்தில் ஒருவர் 'அத்தான், அத்தான்' என்று ஒட்டிக்கொள்கிறார். கார்த்தி. இவர் யார், பெயர் என்ன என்று அருள்மொழிக்கு நினைவில்லை. கேட்கவும் வெட்கம். கடைசி பஸ் போய்விடுகிறது (நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை), ராத்திரி அவர் வீட்டிலேயே தங்க வேண்டியதாகிறது. அவ்வளவுதான் படம். அடிதடி கிடையாது, வில்லன் கிடையாது.

நம்ம ஊர்தானா என்று கேட்டீர்கள். தெருவும் வயலும் யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். எனக்கு ஊர் தெரிந்தது இரண்டு இடத்தில். ஒன்று, அந்த உபசாரம். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டு, சாப்பிட்டாயிற்று என்ற பதிலைக் காதிலேயே வாங்காத உபசாரம் அது. வந்தவருக்கு மூச்சு முட்டும். டெல்டாவில் கல்யாணத்துக்குப் போய்விட்டு அன்றைக்கே திரும்ப நினைக்கும் எவருக்கும் நடப்பதுதான். படம் அதை முழுக்க இனிப்பாகக் காட்டாமல், அருள்மொழியின் எரிச்சலையும் சேர்த்தே காட்டுகிறது. இரண்டாவது, சொத்துத் தகராறில் ஊரை விட்டுப் போனவனுக்கு ஊரின் மேல் இருக்கும் கோபம். சொந்தக்காரன் முகத்தில் முழிக்கக் கூடாது என்று பத்து வருஷம், இருபது வருஷம் வராமல் இருப்பவர்கள் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வீட்டிலாவது உண்டு. கல்யாணப் பத்திரிகை வந்தால், போகலாமா வேண்டாமா என்று வீட்டுக்குள் ஒரு வாரம் பேச்சு நடக்கும். தாலி கட்டும் நேரத்துக்குச் சரியாகப் போய், மொய் எழுதிவிட்டு, பந்தியில் கண்ணில் படாமல் திரும்பிவிடுவது என்று திட்டம் போடுவார்கள். அருள்மொழி அந்தத் திட்டத்தோடுதான் வருகிறான்.

மேடையில் தங்கைக்கு அவன் கொண்டுவந்த நகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிடும் காட்சி இருக்கிறது பாருங்கள். வசனம் அநேகமாக இல்லை. கூட்டம் சுற்றி நிற்கிறது. அண்ணன் குனிந்து கொலுசு மாட்டுகிறான். இருவர் கண்ணிலும் தண்ணீர். அதை அவசரப்படாமல் ஓட விட்டிருக்கிறார் இயக்குநர் பிரேம்குமார். வேறு படமாக இருந்தால் அந்த இடத்தில் வயலினை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். இங்கே கோவிந்த் வசந்தா அடக்கித்தான் வாசிக்கிறார்.

அப்புறம் அந்தச் சைக்கிள். வீட்டைக் காலி செய்யும்போது விட்டுப்போன ஒரு பழைய சைக்கிள் இன்னொருவனின் வாழ்க்கையை எப்படித் தூக்கி நிறுத்தியது என்று கார்த்தி சொல்லும்போது, அருள்மொழிக்கு அவர் பெயர்கூடத் தெரியாது என்பது நமக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த உறுத்தல் சேரத்தான் நேரம் வேண்டும். பேச்சு கொஞ்சம் வளவளவென்று போகிறது, உண்மை. சோழன் பெருமை, தமிழ்ப் பெருமை எல்லாம் நடுவில் வருகிறது, சில இடத்தில் மேடைப் பேச்சு மாதிரிகூட இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு பேர் பீரும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு வளவளவென்றுதான் போகும். அதைக் குறைக்கக் குறைக்க, மறுநாள் காலை அருள்மொழி சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும்போது நமக்கு வலிக்க வேண்டிய அளவு வலிக்காது. குறை சொல்ல வேண்டும் என்றால் ஒன்றுதான்: கார்த்தியின் பாத்திரத்துக்கு ஒரு கெட்ட குணமாவது வைத்திருக்கலாம். எங்கள் ஊரில் அவ்வளவு நல்லவரைப் பார்த்தால் சீட்டுக் கம்பெனி ஏஜென்டாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்படுவோம்.

இதற்கு நேர் எதிர் 'கங்குவா'. 2024 நவம்பர். இதைப் பற்றி ஒரு ஆபரேட்டர் பேசாமல் இருக்க முடியாது. தியேட்டர் ஒலிப்பெட்டியில் சத்தத்தின் அளவு பூஜ்யத்திலிருந்து பத்து வரை இருக்கும். படத்தை மிக்ஸ் பண்ணும் ஸ்டூடியோவில் ஏழு என்று வைத்துத்தான் மிக்ஸ் செய்கிறார்கள். தியேட்டரிலும் ஏழில் வைத்தால் அவர்கள் கேட்டதையே நாமும் கேட்போம் என்பது கணக்கு. நடைமுறையில் படம் அலறுகிறது என்று ஜனம் சொன்னதும் ஆபரேட்டர் ஐந்துக்கோ அதற்குக் கீழோ இறக்கிவிடுவார். இறக்கினால் சண்டைச் சத்தத்தோடு வசனமும் சேர்ந்து இறங்கும், வசனம் கேட்காது. அது தெரிந்து அடுத்த படக்காரர் இன்னும் பலமாக மிக்ஸ் பண்ணுவார். இது ஒரு நாய் வால் கதை. 'கங்குவா' வெளியானதும் தலைவலி வந்த ஜனம் கத்த, தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னார். ஆஸ்கர் வாங்கிய ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டிகூட வெளிப்படையாக வருத்தப்பட்டார். சூர்யா உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லோரும் எல்லா நேரமும் கத்தினால் யார் கோபமாக இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? மகனைப் போல ஒரு பையனைக் காப்பாற்றும் கதை அது. அதற்கு ஒரு பத்து நிமிஷ அமைதி தேவைப்பட்டது.

அமைதி என்றதும் 'கொட்டுக்காளி' ஞாபகம் வருகிறது. 2024 ஆகஸ்டில் வந்தது, பி.எஸ். வினோத்ராஜ் படம். பின்னணி இசையே கிடையாது. ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாரிடம் கூட்டிப் போகிறது. அவளுக்குப் பிடித்திருப்பது ஒருவன் மேல் காதல். அன்னா பென் வாய் திறப்பது மிகக் குறைவு; சூரியின் தொண்டையோ கட்டிப்போயிருக்கிறது, இருந்தும் கத்துகிறார். வழியில் ஒரு மாடு குறுக்கே நிற்கிறது, ஆம்பளைகள் அத்தனை பேரும் திகைத்து நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சும்மா ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்த ஒரு காட்சியில் படம் சொல்ல வந்தது முழுக்க இருக்கிறது. முடிவு மொட்டையாக இருக்கிறது என்று பலர் திட்டினார்கள். வீட்டில் பார்ப்பதாக இருந்தால் ஃபேனை மெதுவாக வைத்துக்கொண்டு, போனை அடுத்த அறையில் போட்டுவிட்டுப் பாருங்கள். பாதியில் நிறுத்தினால் மறுபடி பிடிபடாது.

அதே நாளில் வந்தது 'வாழை'. சனி, ஞாயிறுகளில் வாழைத்தார் சுமக்கப் போகும் பையனின் கதை, மாரி செல்வராஜ் தன் சின்ன வயசிலிருந்து எடுத்தது. முதல் பாதியில் ரஜினி-கமல் சண்டையும் டீச்சர் மேல் பாசமுமாகச் சிரிக்க வைத்து, கடைசியில் லாரியோடு நம்மையும் கவிழ்த்துவிடுகிறார். தார் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வு கேட்பது அதில் ஒரு பெரிய பிரச்சினை. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு பக்கம் வாழை போடுகிறவர்கள் அந்தப் படத்தை வேறு மாதிரிப் பார்த்திருப்பார்கள். தார் வெட்டுக் கூலி கொடுக்கும் பக்கத்திலிருந்து.

'லப்பர் பந்து' பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். தமிழரசன் பச்சமுத்து என்ற புது இயக்குநர். உள்ளூர் ரப்பர் பந்து ஆட்டக்காரர் 'கெத்து' தினேஷ். அவர் விக்கெட்டை எடுக்கத் துடிக்கும் ஹரிஷ் கல்யாண். பையன் காதலிப்பதோ கெத்தின் மகளை. கேட்டால் சாதாரணக் கதை. ஆனால் வளர்ந்த மகளை வைத்துக்கொண்டு, பெண்டாட்டிக்குத் தெரியாமல் மேட்சுக்கு ஓடும் ஒரு மனுஷனை அதற்கு முன்னால் தமிழ்ப் படத்தில் நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் ஊருக்கு நாலு பேர் உண்டு. அந்த மனைவியாக சுவாசிகா. அவர் முகத்தைப் பார்த்தால் கெத்து மட்டும் இல்லை, நாமும் மட்டையைக் கீழே போட்டுவிடுவோம். சாதி அந்தப் படத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், டீமில் யாரை எடுப்பது என்பதில். நல்லா பந்து போடுகிறவன் வெளியே நிற்கிறான். அதற்கு யாரும் காரணம் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிகிறது. நிஜத்திலும் அப்படித்தான் நடக்கும். கெத்து களத்தில் இறங்கும்போது விஜயகாந்தின் 'பொட்டு வச்ச தங்கக் குடம்' பாட்டு. நான் ஆபரேட்டராக இருந்த தியேட்டரில் அந்தப் பாட்டுக்கு எழுந்த விசில் வேறு, இன்றைக்கு எழும் விசில் வேறு. ஆனால் விசில் விசில்தான்.

ஒன்றே ஒன்று. அந்தப் படத்துக் கதை நம்ம டெல்டாவில் நடந்திருந்தால் மைதானத்துக்கே தனிச் சண்டை வேண்டியிருக்கும். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நின்ற பயிருக்குள் உளுந்து தெளித்துவிடுவார்கள். தை மாதம் அறுத்ததும் பையன்கள் ஸ்டம்ப் நடத் தயாராக நிற்பார்கள், கீழே உளுந்து முளைத்து நிற்கும். எந்த வயலில் தெளிக்கவில்லை என்று தேடிக் கண்டுபிடிப்பதில்தான் முதல் மேட்ச்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'குடும்பஸ்தன்', 2025 ஜனவரி, வேலை போனதை வீட்டில் மறைத்துக் கடன் மேல் கடன் வாங்கும் கதை. மணிகண்டனும், மச்சானாக வரும் குரு சோமசுந்தரமும் பிரமாதம். சிரித்துக்கொண்டே பார்த்தாலும் வட்டி கட்டுகிறவர்களுக்கு வயிறு கலங்கும். 'டூரிஸ்ட் ஃபேமிலி', 2025 மே. ஈழத்திலிருந்து படகில் வந்து சென்னையில் ஒளிந்து வாழும் குடும்பம். கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் அப்படிப் படகில் வந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, போலீஸ் இவ்வளவு நல்லவர்களா, தெரு இவ்வளவு சீக்கிரம் உருகுமா என்று தோன்றும். தோன்றட்டும், சசிகுமாரும் சிம்ரனும் அந்தச் சந்தேகத்தை அடிக்கடி மறக்க வைக்கிறார்கள். 'தக் லைஃப்', 2025 ஜூன்: 'நாயகன்' வந்து 38 வருஷம் கழித்து மணிரத்னமும் கமலும் சேர்ந்தார்கள் என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை. 'மகாராஜா' முடி திருத்தும் கடைக்காரர், தொலைந்துபோன குப்பைத் தொட்டி என்று ஆரம்பித்து வேறெங்கோ கொண்டுபோகிறது. நிதிலன் சாமிநாதன் காட்சிகளை முன்பின்னாக அடுக்கிய விதத்துக்கு ஒரு ஆபரேட்டராக எழுந்து நின்று சல்யூட் அடிப்பேன். ரீலை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று பழைய ஆட்கள் பயந்திருப்பார்கள். ஆனால் ஒரு பெண்பிள்ளைக்கு நடந்த கொடுமையைக் கடைசி நிமிஷ அதிர்ச்சிக்காக ஒளித்து வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை.

டெல்டா என்று சொல்லிக்கொண்டு வரும் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தில் பொன்னி நதிப் பாட்டு காதுக்குத் தேன். ஆனால் அரண்மனைகளில் மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவின் சாயல். பெரிய கோயிலைத் தினம் பார்க்கிற கண்ணுக்கு அந்த வளைவுகள் ஒட்டவே இல்லை. 'களவாணி', 2010, இன்றைக்கும் பார்க்கலாம். ஆடி போய் ஆவணி வந்தால் மகன் தேறிவிடுவான் என்று சரண்யா சொல்லிக்கொண்டே இருப்பது எங்கள் ஊர் அம்மாக்களின் ஜோசியம் அப்படியே. அதை எடுத்த சற்குணம் இந்தப் பக்கத்து ஆள். கும்பகோணத்தின் படித்துறையும் பாட்டும் வேண்டும் என்றால் 1995-இல் ஞான ராஜசேகரன் எடுத்த 'மோகமுள்'.

பச்சை வயலை மட்டும் பார்த்தால் டெல்டாவைப் பார்த்ததாகாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டதற்காக 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். அந்தச் சம்பவத்தை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' நாவல், 1983-இல் ஸ்ரீதர் ராஜன் இயக்கத்தில் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்று படமானது. அதன் பிறகு எத்தனையோ பேர் இங்கே கேமராவோடு வந்தார்கள், பெரும்பாலும் டூயட்டுக்கு. கதாநாயகி வரப்பில் ஓடுகிறாள், நடவு நடும் பெண்கள் பின்னால் சிரிக்கிறார்கள். எனக்கு ஒரு ஆசை உண்டு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் ஒரு முழுப் படம் எடுக்க வேண்டும். ரோட்டோரம் நெல் குவியல், மேலே தார்ப்பாய், வானத்தில் மேகம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மிஷினில் ஒரு பிடி நெல்லைப் போட்டு நம்பர் வரும் வரைக்கும் சம்சாரி முகத்தைப் பார்க்க வேண்டும், எந்தச் சண்டைக் காட்சியிலும் அவ்வளவு பதற்றம் வராது. 40 கிலோ மூட்டை எடை போடும் இடம், ராத்திரி காவலுக்குப் படுத்திருக்கும் ஆட்கள், டோக்கன் தகராறு, நடுச்சாமத்தில் தூறல். மூன்று மணி நேரம் ஓடினாலும் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

சரி தம்பி, வரிசை சொல்கிறேன். வந்த முதல் வாரம் வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், அப்போது 'லப்பர் பந்து', அப்புறம் 'குடும்பஸ்தன்'. அம்மா கூட இருந்தால் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. 'மெய்யழகன்' படத்தைச் சொந்தக்காரர் கல்யாணம் ஏதாவது ஒன்றுக்குப் போய்விட்டு வந்த ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'கொட்டுக்காளி' தனியாக. 'மகாராஜா' பிள்ளைகள் தூங்கிய பிறகு, டிவி சத்தத்தைக் குறைத்து வைத்து.